கண்ணாடிக்கடைக்காரர் துடைத்த பந்து

கண்டிப்புக்கும் கனிவுக்கும் ஒருசேரப் பெயர்பெற்ற தலைவர் அவர்களே! முன்வரிசையை முன்கூட்டியே வென்றெடுத்த பெரியோர்களே! மடியில் பிள்ளையும் கண்ணில் கனவுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பேருந்துகளைப் பணிமனையில் நிறுத்திவிட்டு நேரே ஓடிவந்திருக்கும் என் சக ஓட்டுநர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பான வணக்கம்.

இன்று நாம் பாராட்டக் கூடியிருக்கும் நம் ஓட்டுநர் சகோதரி யார்? மாளிகையில் பிறந்தவரா? மட்டையோடு வளர்ந்தவரா? இல்லை, தோழர்களே! பணிநாளில் பேருந்தின் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்த கை, விடுமுறையில் இரவல் மட்டையைப் பிடித்தது. தகுதிச் சுற்றில் தப்பிப் பிழைத்தார். தலைசிறந்த கோல்ஃப் போட்டிக்குள் தடம் பதித்தார். முதல்நாள் அவரைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. மூன்றாம் நாள் அவரைத் தவிர வேறு யாரையும் பார்க்க ஆளில்லை!

என்னம்மா? சத்தமாகக் கேளுங்கள். கோப்பை எங்கே என்கிறீர்களா? அங்கேதான் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

மற்ற வீராங்கனைகளின் மட்டைப்பையைத் தூக்கக் கைதேர்ந்த உதவியாளர்கள் வந்தார்கள். நம் சகோதரி தன் வீட்டுக்காரரை அழைத்துப் போனார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். எதிரே நிற்பவரின் கண்ணாடியில் கறை கண்டால் அவர் கை சும்மா இருக்காது. மூக்கிலிருந்து கழற்றி, துடைத்து, மாட்டிவிட்ட பிறகுதான் மறுபேச்சு. தலைவர் சிரிக்கிறார், அவருக்கும் அனுபவம் போலும்!

கடைசி நாள், கடைசிக் குழி. நம் சகோதரியும் நடப்புச் சாம்பியனும் சமநிலை. குறைந்த அடியில் முடிப்பவருக்கே கோப்பை. சகோதரி அடித்த பந்து ஈரப் புல்லில் சேறு பூசிக் கிடந்தது. குழியைச் சுற்றிய பச்சைத் தரையை எட்டும்வரை பந்தைக் கையால் தொடக்கூடாது, தொட்டால் தண்டமாக ஓரடி கணக்கில் கூடும். நம் கடைக்காரரோ சேற்றைப் பார்த்தார், சகலத்தையும் மறந்தார். எடுத்தார், துணியால் துடைத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சரிபார்க்கவும் செய்தார்!

யாரும் வாய் திறக்கும் முன்பே சகோதரி கையை உயர்த்தி நடுவரை அழைத்தார். கடைக்காரர் பந்தும் துணியுமாகத் திரும்பிக் கேட்டார்:

“என்னம்மா பண்ணிட்டேன்?”

“இருந்த இடத்துலயே வைங்க. பையைத் தூக்கிக்கிட்டு என் பக்கத்துல வாங்க.”

அதன்பின் சகோதரி, சாம்பியன் இருவர் ஆட்டமும் இம்மி பிசகவில்லை. அந்த ஓரடியில்தான் கோப்பை கைநழுவியது. வீட்டுக்காரர்மேல் கோபமில்லையா என்று நிருபர்கள் மொய்த்தார்கள்.

சகோதரி சொன்னார்: “அவரா தொலைச்சாரு? நாலு நாளும் ஒவ்வொரு அடிக்கும் பக்கத்துல நின்னவருங்க. அந்த ஓரடியும் எங்க கணக்குதான். ரெண்டாவது இடம் எங்க ரெண்டு பேருக்கும்னு எழுதிக்கோங்க.”

அன்றிலிருந்து அந்த மனிதரைக் கடைவாசலில் கேலி செய்த வாய்களே! உலகமே உச்சுக்கொட்டிய நேரத்தில் ஒரு சொல் கடிந்துகொள்ளாதவர் அந்தப் பெண். தோற்றது அவர். துவண்டிருக்க வேண்டியவரும் அவரே. அவருக்கே இல்லாத கோபம் நமக்கு எதற்கு? வெட்கமாக இல்லையா நமக்கு? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் கடைக்காரரே, மேடைக்கு வாருங்கள். இதோ, உங்கள் மனைவி எழுந்துவிட்டார். நீங்கள் வந்து சேரும்வரை உட்காரப்போவதில்லை என்கிறார்.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. கைதட்டல் எனக்கு வேண்டாம், நடந்து வருகிறாரே, அவருக்குக் கொடுங்கள். வணக்கம்.