காற்று: பன்னிரண்டு

தங்கை: "நீ அந்தக் கப்பலை ஒரு தடவையாவது பார்த்திருக்கியா"ன்னு என்னை ஒருத்தர் கேட்டாரு அண்ணே.

அண்ணன்: கேட்டா கேக்கட்டும். நீ எழுது. ரெண்டு மணிக்குக் கப்பல் ஓட எரிபொருள் கேஸ் ஏத்தணும். வேன் வர இன்னும் பத்து நிமிஷம்தான்.

தங்கை: காத்து வேகம் எவ்வளவு?

அண்ணன்: பன்னெண்டு போடு.

தங்கை: ரெண்டு மணிக்கு அடிக்கப்போற காத்து இப்பவே எப்படித் தெரியும்?

அண்ணன்: என்கிட்ட கேட்டுட்டுத்தான் அடிக்கும். போடுடி, ஊமைக்கோட்டான்.

அண்ணி: நல்லாயிருக்கு! கப்பலுக்குப் பக்கத்துல நின்னு, ஒவ்வொண்ணா பார்த்துப் பார்த்து எழுதுற ஃபாரமாம். இவரு வீட்டுல சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல வச்சு எழுதவைக்கிறாரு.

அண்ணன்: நாப்பத்தோரு கட்டம்! அங்க கிளவுஸைக் கழட்டி, எழுதி, திரும்ப மாட்டி... என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இவ எழுத்து அச்சு. ஒம்பதாவதோட நின்னவள்னு யாராவது சொல்லுவாங்களா?

தங்கை: ம்... அடுத்தது. பூட்ஸ், கிளவுஸ், முகமூடி... எல்லாரும் போட்டிருக்காங்களா?

அண்ணன்: சரி.

தங்கை: கேஸ் ஏறும்போது பயணிகள் ஏறாம நிறுத்தியாச்சா?

அண்ணன்: அவங்க ரெண்டு தளம் மேல ஏறுவாங்க. சரின்னு போடு.

தங்கை: குழந்தைங்களும் வருவாங்களா?

அண்ணன்: பயணிக் கப்பல்ல குழந்தைங்க வராம ஆட்டுக்குட்டியா வரும்? என்னடி இன்னைக்கு வாய் நீளுது?

அண்ணி: ஏங்க, உக்காந்துதான் பேசுங்களேன். கூண்டுல அடைச்ச மாதிரி குறுக்கயும் நெடுக்கயும்...

தங்கை: இருபத்தி மூணாவது கட்டம். கப்பல் பக்கவாட்டுல தண்ணித் திரை ஓடுதா?

அண்ணன்: சரி.

தங்கை: ஓடுதா?

அண்ணன்: மோட்டார் ரிப்பேருக்குப் போயிருக்கு. வந்துடும்.

தங்கை: எப்ப போச்சு?

அண்ணன்: மூணு வாரம்... ஏய், நீ என்ன போலீசா?

அண்ணி: அது என்ன தண்ணித் திரை?

தங்கை: அந்தக் கேஸ் தண்ணி மாதிரிதான் வரும் அண்ணி. ஆனா பயங்கரக் குளிர். ஐஸைவிட நூத்தி அறுபது டிகிரி கீழ. ஹோஸ் குழாய் இணைப்புலேருந்து கப்பல் மேல கொட்டிச்சுன்னா, இரும்பு கண்ணாடி டம்ளர் மாதிரி விரிசல் விடும். அதனாலதான் தண்ணி விடாம ஓடிட்டே இருக்கணும். அப்புறம் அது ஆவியாகி, வெள்ளையா, தரையோட தரையா ஊர்ந்து போகும். எங்கயாவது ஒரு பொறி இருந்தா...

அண்ணி: ஐயோ...

அண்ணன்: யாருடி இதெல்லாம் உனக்குச் சொன்னது?

தங்கை: நீ அலமாரி மேல போட்டு வச்சிருக்கிற புத்தகம்தான். நான் அதைப் பார்த்து நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

அண்ணன்: எட்டு வருஷமா ஊத்துறேன். ஒண்ணும் ஆகல.

தங்கை: ஒண்ணுமே ஆகலயா அண்ணே?

அண்ணன்: ...ஆகல.

தங்கை: கப்பலைப் பார்த்திருக்கியான்னு கேட்டது உன்கூட வேலை பார்க்குற சுருட்டை அண்ணன்தான். அவங்க வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனப்ப.

அண்ணி: பாவம், காலு இன்னும் ஆறலயா? பாய்லர் பக்கத்துல சுடுதண்ணி கொட்டிடுச்சுன்னு இவரு சொன்னாரே.

தங்கை: சுடுதண்ணி பட்டா சிவக்கும் அண்ணி. அன்னைக்கு அவர் காலு மெழுகு மாதிரி வெள்ளையா இருந்துச்சு. தொட்டேன்... அவருக்குத் தெரியவேயில்ல.

அண்ணி: என்னங்க இது? அவரு கூடத்தானே நீங்களும் நின்னீங்க?

அண்ணன்: ரெண்டு அடி தள்ளி. இணைப்பு சரியா இறுகல. ஒரு குவளைதான் கொட்டுச்சு... அவன் சாதா ஷூ போட்டிருந்தான். கீழ இருந்த இரும்புத் தட்டு படக்குன்னு ரெண்டா போச்சு.

அண்ணி: இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?

அண்ணன்: எப்படிச் சொல்லுவேன்? அன்னைக்கு ஃபாரத்துல பூட்ஸ் சரி, இணைப்பு சரி, தண்ணி சரி. எழுத்து யாரோடது? இவளோடது! ஆபீஸ்ல கூப்பிட்டு உக்காரவச்சுக் கேட்டா இவ தாங்குவாளா? வாசல்ல ஆள் வந்தாலே பின்கட்டுக்கு ஓடுறவ... அதான் மூடினேன்.

அண்ணி: உங்க வேலையைக் காப்பாத்திக்கத்தான் மூடினீங்க. அதுக்கு இவ பேரைப் போர்வையாக்காதீங்க.

அண்ணன்: வேலை போச்சுன்னா உங்க ரெண்டு பேருக்கும் யாரு சோறு போடுவா? நீ நிரப்புடி, பூனைக்குட்டி. இன்னைக்கு ஒருநாள். நாளைக்கு மோட்டார் வந்துடும், சத்தியமா. எங்க, காட்டு. எவ்வளவு எழுதியிருக்க? ...என்னடி இது? தேதியும் கப்பல் பேரும்தான் இருக்கு! இவ்வளவு நேரம் என்ன பண்ணின?

தங்கை: நீயே சொல்லிடுவியான்னு பார்த்தேன்.

அண்ணன்: வேன் வந்துடுச்சு! ஹாரன் கேக்குது பாரு. எழுதுடி!

தங்கை: என்னைக் கூப்பிட்டுக் கேட்டா தாங்கமாட்டேன்னு நீ பயப்படவேணாம் அண்ணே. நேத்து கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு, துறைமுகத்துப் பாதுகாப்பு ஆபீசுக்குப் போனேன்.

அண்ணி: நீயா?

தங்கை: பேச்சு வரல அண்ணி. ஒரு தாள் கேட்டேன். அவங்க முன்னாலயே உக்காந்து, சுருட்டை அண்ணன் கால்லேருந்து எல்லாத்தையும் எழுதினேன். அங்க இருந்த ஆபீசரம்மா என் எழுத்தைப் பார்த்தாங்க. எழுந்து போயி, பழைய ஃபாரமெல்லாம் எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சாங்க. ஒரு வார்த்தை கேக்கல... ரெண்டு மணிக்கு அவங்க ஹோஸ் பக்கத்துல நிப்பாங்க அண்ணே. பயணிகளை நிறுத்தி வச்சுட்டு, ஒவ்வொரு கட்டமா உன்னையே நிரப்பச் சொல்லுவாங்க.

அண்ணி: என்னங்க, எங்க கிளம்பிட்டீங்க? திட்டவாவது திட்டிட்டுப் போங்க. ஏங்க!

தங்கை: விடுங்க அண்ணி. போகட்டும்.

அண்ணி: முகத்தைக்கூடப் பார்க்காம இறங்கிட்டாரே... அந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டாரா?

தங்கை: இல்ல. கையில எடுத்துட்டுப் போறாரு. என் பேனாவையும்.