இரைச்சல் இல்லாத பொட்டி

அன்புச்செல்வன்: அதான் சொல்றேன் மாரிமுத்தண்ணே, கோளாறு ஸ்பீக்கர்ல இல்ல. அததான் மாத்தியாச்சே.

மாரிமுத்து: மாத்தியும் இரையுதே தம்பி.

சாவித்திரி: ரெண்டு தடவ மாத்தியாச்சு. ஒயரு ஒரு தடவ. அப்பறம் இவரு எர்த்து கம்பி நட்டாரு. அதுக்குத் தெனமும் ஒரு கொடம் தண்ணி நான்தான் ஊத்துறேன். தொளசிக்குக்கூட அவ்ளோ ஊத்துனதில்ல.

மாரிமுத்து: நீ செத்த சும்மா இரு சாவித்திரி. கட வச்சிருக்கிற தம்பி சொல்லட்டும்.

அன்புச்செல்வன்: சிபியூ உள்ளார ஃபேன் சுத்துதுல்ல, கரண்டு ஓடுதுல்ல... அந்த இரைச்சலையும் சேத்து உள்ள இருக்கிற சவுண்டு கார்டு வாங்கிக்கும். சில சிஸ்டத்துல அப்புடித்தான். அதனால சவுண்ட அங்கேருந்து பிரிச்சி வெளிய கொண்டாந்துடணும். யூஎஸ்பியில சொருவுற பொட்டி வந்திருக்குது. ஸ்பீக்கரு, ஹெட்போனு எல்லாம் அதுல மாட்டிக்கலாம்.

சாவித்திரி: மாமியா வூட்டவுட்டுத் தனிக்குடித்தனம் போற மாதிரி.

அன்புச்செல்வன்: கரெக்ட்டா சொன்னீங்கக்கா.

மாரிமுத்து: தனிக்குடித்தனம் போனா மட்டும் இரைச்சல் நின்னுடுதா?

சாவித்திரி: யாரு, நான் இரையிறேனா?

மாரிமுத்து: பொதுவா சொன்னேன்... தம்பி, அந்தப் பொட்டிய எடு பாப்போம்.

அன்புச்செல்வன்: எடுக்கிறேன். மொதல்ல எதுக்குன்னு சொல்லுங்க. பாட்டு கேக்கவா, பேசவா?

மாரிமுத்து: பேசத்தான். எம்பொண்ணு பிரியா மஸ்கட்ல நர்ஸா இருக்குது. ஞாயித்துக்கிழம சாயங்காலமானா நெட்டுல வரும். அது அப்பான்னு கூப்புடுறதுக்கு முன்னாடியே 'ஙொய்ங்'குனு ஒரு சத்தம் வந்து நின்னுக்கிது.

அன்புச்செல்வன்: அந்தப் பக்கம் எப்புடிக் கேக்குதாம்?

மாரிமுத்து: அதுக்கு கிளியரா இருக்குதாம். அது பெரிய ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரு. நம்மளது பழசு வாங்குனது தான.

சாவித்திரி: எனக்கு ஸ்பீக்கர்ல கேட்டாத்தான் பேசுன மாதிரி இருக்கும். இவரு ஹெட்போன மாட்டிக்குவாரு. அத சொருவுனா ஸ்பீக்கர் நின்னு போவுது. இவரு பேசி முடிக்கிறதுக்குள்ள அவளுக்கு டூட்டிக்கு நேரமாயிடுது. எனக்கு மிஞ்சுறது 'சரிம்மா வெக்கிறேன்' மட்டுந்தான்.

அன்புச்செல்வன்: அப்ப ரெண்டும் ஒரே நேரத்துல ஓடணும். இந்தா, மூணு இருக்குது. இது வெரலு தண்டி. காதுக்கு ஒரு ஓட்ட, மைக்குக்கு ஒரு ஓட்ட. அவ்ளோதான். ஸ்பீக்கர் வேணும்னா புடுங்கித்தான் மாட்டணும்.

சாவித்திரி: அந்த வேலைதான் இப்பயே பாத்துக்கிட்டு இருக்கோமே.

அன்புச்செல்வன்: இது ரெண்டாவது. பின்னாடி ஸ்பீக்கருக்கு, முன்னாடி ஹெட்போனுக்கு. ரெண்டுக்கும் தனித்தனித் திருகு. அண்ணன் ஹெட்போன்ல கூட்டி வச்சிக்கலாம், நீங்க ஸ்பீக்கர்ல கொறச்சி வச்சிக்கலாம். ஒருத்தருது இன்னொருத்தர ஒண்ணும் பண்ணாது.

மாரிமுத்து: மூணாவது?

அன்புச்செல்வன்: அது பாட்டு பதிவு பண்றவங்களுக்கு. பெரிய மைக்கு எல்லாம் போடலாம். உங்களுக்கு அது தேவப்படாது.

மாரிமுத்து: இரைச்சல் எதுல கம்மி?

அன்புச்செல்வன்: வூட்டுல பேசறதுக்கு ரெண்டாவதே போதும்ண்ணே.

மாரிமுத்து: நான் அதக் கேக்கல. எதுல கம்மி?

அன்புச்செல்வன்: ...மூணாவதுலதான். ஆனா, உங்களுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு மெட்ராஸ்லேருந்து வருது. புதங்கிழம வந்துடும். பொறுங்களேன்.

மாரிமுத்து: ஆவாது. திங்கக்கிழமைக்குள்ள வேணும்.

அன்புச்செல்வன்: பொண்ணு வாரா வாரம் பேசுது தான. ஒரு வாரத்துல என்னா ஆயிடப்போவுது?

சாவித்திரி: அதுக்கில்லப்பா. கம்பெனியில...

மாரிமுத்து: அத எதுக்கு இங்க.

சாவித்திரி: சொன்னாத்தான அவனுக்குத் தெரியும். உங்கண்ணன் செராமிக் யூனிட்ல என்னா வேல பாக்குறாருன்னு தெரியுமா?

அன்புச்செல்வன்: செக்கிங்குன்னு சொன்ன ஞாபகம்.

சாவித்திரி: ஊறுகா ஜாடி சூளையிலேருந்து வந்ததும் ஒவ்வொண்ணாக் குச்சியால தட்டிப் பாக்கணும். நல்ல ஜாடின்னா 'ணங்'குனு நின்னு பேசும். உள்ள கீறல் இருந்தா 'சொத்'துனு போயிடும். கண்ணால பாத்தா தெரியாது. இவரு காதுதான் சொல்லணும்.

மாரிமுத்து: பாலிஷ் போட்டு மினுமினுன்னு வரும் தம்பி, முதலாளியே ஏமாந்துடுவாரு. நான் ஒரு தட்டு தட்டுனேன்னா முடிஞ்சிது. காத வச்சிச் சோறு திங்கிறவன் நானு.

சாவித்திரி: போன லோடுல ஏழு ஜாடி கீறலோட போயிடுச்சு. கும்பகோணத்துக்காரரு எண்ணெ ஊத்தி வச்சிருக்காரு, காலையில பாத்தா கடை பூரா எண்ணெ. எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டாரு. அதனால வர்ற திங்கக்கிழம முதலாளி இவரு பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பாக்கப் போறாராம். தப்பாச்சுன்னா செக்கிங்கும் கெடையாது, வேலையும் கெடையாது.

அன்புச்செல்வன்: ஓ... சரிக்கா, அதுக்கும் இந்தப் பொட்டிக்கும் என்னா?

மாரிமுத்து: இருக்குது தம்பி. ஞாயித்துக்கிழம ஒரு மணி நேரம் இந்தக் கம்ப்யூட்டர் இரைச்சலக் கேக்குறனா... அது காதுலயே ஒட்டிக்கிது. மறுநாள் ஜாடியத் தட்டுறப்ப அது குறுக்க நிக்கிது. வியாழன், வெள்ளி வரைக்கும்கூட நிக்கிது. சுத்தமான பொட்டியா வாங்கிட்டா, காது பழையபடி ஆயிடும்.

அன்புச்செல்வன்: ...ம்.

மாரிமுத்து: என்னா ம்?

அன்புச்செல்வன்: ஒண்ணுமில்லண்ணே. வாங்க, வரிசையா கேட்டுப் பாருங்க. இந்தா, மொதல்ல வெரலு பொட்டி. சொருவிட்டேன். விண்டோஸ் எக்ஸ்பியே தானா எடுத்துக்கும்... எடுத்துக்கிச்சு. ஹெட்போன மாட்டுங்க. பாட்டு போடல, சும்மா கேளுங்க.

மாரிமுத்து: இரைச்சல் வருது.

அன்புச்செல்வன்: இது வெல கம்மி, இருக்கும். அக்கா நீங்க?

சாவித்திரி: குடு... ஆமா. வருது.

அன்புச்செல்வன்: சரி, ரெண்டாவது. இருங்க, ரயிலு போவட்டும்... இப்பக் கேளுங்க.

மாரிமுத்து: இதுலயும் இருக்குது.

அன்புச்செல்வன்: இதுலயா? குடுங்க... எனக்கு ஒண்ணும் வரலையேண்ணே. கம்முனு இருக்குது.

மாரிமுத்து: நீ காலையிலேருந்து கடையில உக்காந்திருக்கிற. பஸ்ஸு, ஆட்டோ, ஜங்ஷன் மைக்குன்னு கேட்டுக் கேட்டு உனக்குப் பழகிப்போச்சு. உன் காது வேற, என் காது வேற.

அன்புச்செல்வன்: அக்கா?

சாவித்திரி: இவருக்குக் கேட்டா இருக்கத்தான் இருக்கும்பா... ஆமா, லேசா இருக்குது.

மாரிமுத்து: பாத்தியா. அவளுக்கே கேக்குது. ரெண்டு வருசமா வூட்டுலயும் இவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கிறா.

அன்புச்செல்வன்: அப்ப மூணாவதையும் பாத்துடுவோம். டப்பாவப் பிரிக்கிறேன். ஹெட்போனு அங்க இருக்குது பாருங்க.

மாரிமுத்து: மாட்டிட்டேன்... ம். இது பரவால்ல தம்பி. சன்னமா இருக்குது. ஆனா இல்லன்னு சொல்ல முடியாது. 'ஙொய்ங்'குனு ஓரமா ஒண்ணு ஓடுது. சாவித்திரி, நீ கேளு.

சாவித்திரி: ஆமாங்க. ஓரமா ஓடுது.

மாரிமுத்து: எந்தப் பக்கம்?

சாவித்திரி: ...ரெண்டு பக்கமும்.

அன்புச்செல்வன்: அண்ணே.

மாரிமுத்து: சொல்லு.

அன்புச்செல்வன்: நான் இன்னும் டப்பாவையே பிரிச்சி முடிக்கல.

மாரிமுத்து: அதனால?

அன்புச்செல்வன்: ஹெட்போன் ஒயரு எதுலயும் மாட்டல. இதோ கெடக்குது பாருங்க, தரையில.

மாரிமுத்து: எங்க, அந்த முனைய எடு பாப்போம்.

அன்புச்செல்வன்: வேணும்னு செய்யலண்ணே. நீங்க அவசரப்பட்டு எடுத்து மாட்டிட்டீங்க.

மாரிமுத்து: ஒயரே இல்லாம... அப்ப எனக்குக் கேட்டது?

அன்புச்செல்வன்: இதுக்கு முன்னாடி கம்பெனியில எங்க வேல பாத்தீங்க?

மாரிமுத்து: மண்ணு அரைக்கிற மிஷின்கிட்ட. பதினெட்டு வருசம்.

அன்புச்செல்வன்: அது காதுலேருந்தே வருதுண்ணே. பொட்டியில இல்ல. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில காதுக்குன்னு தனியா பாக்குறாங்க. ஒரு நட போயிட்டு வந்துடுங்க.

மாரிமுத்து: இரு தம்பி. சாவித்திரி...

சாவித்திரி: என்னாங்க.

மாரிமுத்து: எனக்குக் காது கெட்டுப்போச்சு, கேட்டுச்சு. உனக்கு எப்புடிக் கேட்டுச்சு? ரெண்டு பக்கமும்னியே.

சாவித்திரி: எனக்கு எந்த நாளும் எதுவும் கேட்டதில்லங்க.

மாரிமுத்து: ரெண்டு வருசமா ஆமா ஆமான்ன?

சாவித்திரி: மொத நாளு 'இரையுது, உனக்குக் கேக்குதா'ன்னு கேட்டீங்க. அப்ப நீங்க மூஞ்சிய வச்சிருந்த மாதிரிக்கு இல்லன்னு சொல்ல வாய் வரல. ஒரு தடவ ஆமான்னுட்டேன். அப்பறம் எப்புடி மாத்துறது?

மாரிமுத்து: அதுக்காக ரெண்டு வருசம் கம்பிக்குத் தண்ணி ஊத்துவியா?

சாவித்திரி: ஊத்துனா உங்களுக்கு ஆறுதலா இருந்துச்சு. ஊத்துனேன்.

அன்புச்செல்வன்: நான் வேணா டீ சொல்லிட்டு வரட்டுமா?

மாரிமுத்து: நீ இரு தம்பி. கேட்டது கேட்டுட்ட, முழுசா கேளு. எனக்கும் சந்தேகம் இல்லாம இல்ல. கம்ப்யூட்டரு நிறுத்துன பொறவும் இரையும். அது காதுல ஒட்டுனதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கம்ப்யூட்டருன்னா மாத்திடலாம் பாரு. காத எந்தக் கடையில மாத்துறது?

அன்புச்செல்வன்: ஆனா அண்ணே... ஏழு ஜாடிதான தப்பு? அதுக்கு முன்னாடி எல்லாம் சரியாத்தான போயிருக்குது? இந்தக் காத வச்சிக்கிட்டு எப்புடிப் பாத்தீங்க?

மாரிமுத்து: நான் பாக்கல.

சாவித்திரி: ஏங்க, அதெல்லாம் இப்ப எதுக்கு...

மாரிமுத்து: சொல்லிடுறேன். உனக்கே தெரியாது இது. எதுத்தாப்புல பாஞ்சாலைன்னு ஒருத்தி, பொம்மைக்குக் கண்ணு வரையிறவ. நான் தட்டுவேன், அவ கேப்பா. ஜாடி நல்லதா இருந்தா வரையிற பிரஷ்ஷச் சாயக் கிண்ணத்து மேல வெப்பா. கீறலா இருந்தா தரையில வெப்பா. நான் அதப் பாத்து ஒதுக்குவேன். ஆறு மாசமா இப்புடித்தான் ஓடுது. அவ லீவு போட்ட அன்னிக்கு ஏத்துன லோடுதான் திரும்பி வந்தது.

அன்புச்செல்வன்: நீங்க கேட்டுக்கிட்டீங்களா அந்தம்மாகிட்ட?

மாரிமுத்து: ஒரு வார்த்த கேட்டதில்ல. ஒரு நாளு குழம்பிப் போயி அதே ஜாடிய நாலு தடவ தட்டுனேன். நிமுந்து பாத்தா தரையில பிரஷ்ஷு. பேசிக்கவே இல்ல நாங்க. இன்னிக்கி வரைக்கும் பேசிக்கல.

அன்புச்செல்வன்: திங்கக்கிழம?

மாரிமுத்து: முதலாளி பக்கத்துல உக்காந்தா என் கண்ணு போற எடத்தப் பாத்துடுவாரு. எனக்கு வேல போனா போவட்டும், அவளுக்கும் போயிடும். அதனால நானே மொதல்ல போயி காது போச்சு முதலாளின்னு சொல்லிடுறேன். கூடை தூக்குற வேல குடுத்தா தூக்குறேன். அவ பேரு மட்டும் என் வாயில வராது.

அன்புச்செல்வன்: அப்ப பொட்டி வேணாமாண்ணே?

மாரிமுத்து: ரெண்டாவதக் கட்டு. பிரியா கொரலையாவது கூட்டி வச்சிக் கேக்குறேன். இவளும் ஸ்பீக்கர்ல கேட்டுக்கட்டும், பாவம்.

அன்புச்செல்வன்: கட்டுறேன்.

மாரிமுத்து: ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல தம்பி. பாஞ்சாலை ஒறவு இல்ல, தெருக்காரி இல்ல. என் காது செத்துப்போனது வூட்டுலயே யாருக்கும் தெரியாது. அவளுக்கு எப்புடித் தெரிஞ்சிது? தெரிஞ்சாலும், அவ எதுக்கு எனக்காக இவ்வளவு பாக்கணும்?

சாவித்திரி: அவளா பாக்கலங்க. மாசி மகத்தன்னிக்குக் கோயில்ல வச்சி அவ கையப் புடிச்சிக் கேட்டுக்கிட்டேன். நல்லதுன்னா கிண்ணத்து மேல, கீறல்னா தரையிலன்னு சொல்லிக் குடுத்ததே நான்தான்.