சாமிக்கு ஆகாத பூ

"சாமிக்கு ஆகாத பூவா பாத்துக் குடுங்கன்னு கேட்டுதான் வாங்கிக்கினு வர்றேன்."

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் இப்படிச் சொன்னாள். அவள் மடியில் ஒரு காகிதப்பூச் செடி. பக்கத்தில் இருந்தவர் அதே தெருக்காரர் போலிருக்கிறது, பதறிப்போனார்.

"இன்னாடி பேச்சு இது? வாசல்ல செம்பருத்தி இருக்குதே, போதாதா?"

"இருக்குதுக்கா. தண்ணி ஊத்தறது நானு, எரு போடறது நானு, மாவுப்பூச்சிய தொடச்சி எடுக்கறது நானு. ஒரு நாளாவது அது பூத்து நின்னு பாத்திருப்பேனா? விடியறதுக்குள்ள தெருக்காரங்க கவரத் தூக்கிக்கினு பறிக்க வந்துடறாங்க. கேட்டா, சாமிக்காம். நந்தியாவட்டையும் இப்படித்தான்."

"சாமிக்குத்தானே பறிக்கறோம்? புண்ணியம் உனக்கும்தான்டி."

"நீங்களும் வர்றீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா."

முண்டியம்பாக்கம் தாண்டியதும் அந்த அக்கா மெதுவாகக் கேட்டார்.

"இதுல முள்ளு இருக்குமே?"

"இருக்கட்டும்."

"சாமி கோச்சிக்கும்டி."

"பூ வேணும்னா சாமியே என் வாசலுக்கு வரட்டும்க்கா. என்னை மாதிரி நின்னு, செடியிலயே பாத்துட்டுப் போவட்டும்."