நாலாவது மாடியும் கண்ணாடிக்காரரும்

மகள்: அந்தச் சட்டை வேண்டாம்ப்பா.

அப்பா: ஏன், இதுக்கென்ன குறைச்சல்?

மகள்: வேலைக்குப் போட்டுட்டுப் போறது. கிரீஸ் வாசம் அடிக்குது.

அப்பா: துவைச்சதும்மா.

மகள்: துவைச்சும் அடிக்குது. நீலக் கோடு போட்டதை இஸ்திரி போட்டு வச்சிருக்கேன், அதைப் போடுங்க... ஐயோ, நில்லுங்க. பட்டனை மாத்திப் போட்டுட்டீங்க. ஒரு பக்கம் ஏறி நிக்குது, ஒரு பக்கம் இறங்கி நிக்குது.

அப்பா: தெரியவா போகுது?

மகள்: நீங்க பாக்கப் போறவங்க தையல்கடை நடத்தறவங்கப்பா. முதல்ல அதைத்தான் பாப்பாங்க.

அப்பா: பட்டன் கையில நிக்க மாட்டேங்குதும்மா.

மகள்: லிப்ட் ரிப்பேர் பண்றப்போ கம்பியைப் பிடிச்சுத் தொங்குற கையில ஒரு பட்டன் நிக்காதா?

அப்பா: அது கம்பி. அதுக்கு என்னைப் பத்தி ஒரு அபிப்பிராயமும் கிடையாது.

மகள்: இது மூணாவது ஞாயித்துக்கிழமை. இன்னும் என்ன பயம்? போன ரெண்டு தடவையும் நல்லாப் போச்சுன்னுதானே சொன்னீங்க?

அப்பா: ம்... போச்சு. நல்லாத்தான் போச்சு.

மகள்: கேக்கைப் பாதி வெட்டி உங்க தட்டுல வச்சாங்கன்னீங்க.

அப்பா: வச்சாங்க, வச்சாங்க.

மகள்: என்ன கேக்?

அப்பா: என்னம்மா இது, போலீஸ்காரி மாதிரி... கேக்குன்னா கேக்குதான். அதை விடு. எனக்கு ஒண்ணு சொல்லு. நீயும் உன் கண்ணாடிக்காரரும் உக்காந்தா முதல்ல யார் பேச்சை ஆரம்பிப்பீங்க?

மகள்: ...அவர்தான்.

அப்பா: என்ன பேசுவார்?

மகள்: எல்லாம்தான். மழை... பஸ்ஸு...

அப்பா: மழையைப் பத்தி எவ்வளவு நேரம் பேசறது?

மகள்: பெய்யற வரைக்கும்.

அப்பா: கிண்டல் பண்ணாதே. பேசிக்கிட்டே இருக்கும்போது பேச்சு நின்னு போச்சுன்னா?

மகள்: நின்னா நிக்கட்டும். சும்மா உக்காந்திருங்க. பேசாம இருந்தா தப்பா நினைக்காத ஆளா இருக்கணும், அவ்வளவுதான்.

அப்பா: நல்லா இருக்கே. அவர் சொன்னாரா?

மகள்: நானா யோசிச்சது.

அப்பா: எப்போ?

மகள்: பஸ்ஸுல வரும்போது. தலையைக் காட்டுங்க, பின்னாடி ஒரு கொத்து முடி தூக்கிட்டு நிக்குது.

அப்பா: இந்தக் கையைப் பிடிக்கறதெல்லாம்... எத்தனாவது தடவை?

மகள்: அப்பா!

அப்பா: கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்ம்மா. உங்க அம்மாவை நான் ஒண்ணும் டீக்கடையில பாத்துப் பழகலை. பெரியவங்க பேசி முடிச்சுட்டு எங்க ரெண்டு பேருக்கும் தகவல் சொன்னாங்க. இந்த வீட்டுல நீதான் அனுபவசாலி.

மகள்: அது... அது வந்து, தானா நடக்கும்.

அப்பா: நடந்துச்சா?

மகள்: வாட்சைக் கட்டுங்க. நேரமாச்சு. திருப்பம் வரைக்கும் நானும் வர்றேன்.

அப்பா: ஏன், நான் தொலைஞ்சு போயிடுவேனா?

மகள்: ரொட்டி வாங்கணும். செருப்பைப் போடுங்க... அட, எங்கே போறீங்க? லிப்ட் இந்தப் பக்கம்.

அப்பா: படியில போலாம். லீவு நாள்லயும் அது முகத்துல முழிக்கணுமா?

மகள்: லிப்ட்டுன்னு ஒண்ணு இல்லைன்னா நாலாவது மாடியை நீங்க பாத்தே இருக்கமாட்டீங்க. நன்றி கெட்டவர்.

அப்பா: அவங்களை நாலாவது மாடின்னு சொல்லாதே.

மகள்: நீங்க வச்ச பேருதானே! 'இன்னிக்கு நாலாவது மாடியில திரும்ப மாட்டிக்கிச்சு'ன்னு வந்து சொன்னீங்க. நான் லிப்ட்டைச் சொல்றீங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது, மாட்டினது யாருன்னு.

அப்பா: அவங்க கட்டடத்து லிப்ட் மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நின்னு போச்சும்மா. உள்ளே அவங்க மட்டும். கரண்டும் இல்லை. நான் மேல இருந்து குரல் குடுத்தேன், பயப்படாதீங்க, ஆள் இருக்கேன்னு. 'நீங்க பேசிக்கிட்டே இருங்க'ன்னாங்க.

மகள்: என்ன பேசினீங்க?

அப்பா: என்னத்தைப் பேசினேன்... பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் உன்னைப் பத்தி. உங்க அம்மாவைப் பத்திக்கூட. இருட்டுல எதிர்ல முகம் இல்லாததால சுலபமா இருந்துச்சு. கடைசியில கதவைத் திறந்ததும் என்ன சொன்னாங்க தெரியுமா?

மகள்: என்ன?

அப்பா: 'அதுக்குள்ள சரி பண்ணிட்டீங்களா?'ன்னாங்க.

மகள்: அப்பா... இது போதுமே. இதுக்கு மேல நான் என்ன சொல்லிக் குடுக்கறது?

அப்பா: ஒரு நாள் வெளியே டீ சாப்பிடலாமான்னு அவங்கதான் கேட்டாங்க. எப்பவோ கேட்டாங்க. மக வீட்டுல தனியா இருப்பான்னு சாக்குச் சொல்லிச் சொல்லித் தள்ளிப் போட்டேன். நீ உன் கண்ணாடிக்காரரைப் பத்திச் சொன்னப்புறம்தான் சரின்னேன்.

மகள்: தெரியும்.

அப்பா: எப்படித் தெரியும்?

மகள்: நீங்க போன்ல சாக்குச் சொன்னது காதுல விழுந்துச்சு... ஓரமா வாங்க, சைக்கிள் வருது.

அப்பா: அவர் எப்படி உன்கிட்ட ஆரம்பிச்சார்? அதை நீ முழுசா சொல்லவே இல்லையே.

மகள்: சொன்னேனே. நான் வேலை செய்யற கண்ணாடிக் கடைக்குக் கண் டெஸ்ட் பண்ணிக்க வந்தார். கண்ணாடி போட்டுக் குடுத்தோம். அடுத்த வாரமே திரும்பி வந்து, தூரத்துல மங்கலா தெரியுதுன்னார். நான் மறுபடி டெஸ்ட் பண்ணேன். பவர் சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கடுத்த வாரம் கிட்டத்துல மங்கலா தெரியுதுன்னு வந்தார்.

அப்பா: அடேயப்பா.

மகள்: எனக்கு ஒரே பயம். நம்ம வேலையில ஏதோ தப்புன்னு லென்ஸ் செய்யற ஆளுங்களுக்கு போன் போட்டுச் சண்டை பிடிச்சேன். ரெண்டு லென்ஸையும் மாத்தி வாங்கிக் குடுத்தேன், காசே வாங்காம.

அப்பா: எதிர்ல உக்காந்து பாத்தும் உனக்குப் புரியலையா?

மகள்: அவர் கண்ணைத்தான்ப்பா பாத்தேன். அவரைப் பாக்கலை.

அப்பா: அப்புறம்?

மகள்: அப்புறம் என்ன... பழக்கமாயிடுச்சு. அவ்வளவுதான்.

அப்பா: அதுக்கு முன்னாடி யாருமே இல்லையா? காலேஜ்ல? வேலையில?

மகள்: ஏன் கேக்கறீங்க?

அப்பா: நான் கேட்டதே இல்லையே. அம்மா இருந்தா கேட்டிருப்பா.

மகள்: ...யாரும் இல்லைப்பா. ஒரு நாளைக்கு எத்தனை பேர் கண்ணைப் பாக்கறேன் தெரியுமா? மூச்சு படற தூரத்துல. இமையில ஒரு முடி நரைச்சிருந்தாக்கூட எனக்குத் தெரியும். ஆனா அவங்களுக்கு என்னைத் தெரியாது. இருட்டு ரூம், கண்ணுல வெளிச்சம், வெளிச்சத்துக்குப் பின்னாடி ஒரு குரல். மேல பாருங்க, கீழ பாருங்க. அந்தக் குரல்தான் நான். வெளியே தெருவுல பாத்தா அடையாளம்கூடத் தெரியாம போவாங்க.

அப்பா: ம்...

மகள்: கூடப் படிச்சவங்க எல்லாம் அந்த வயசுலயே பழகிட்டாங்க. சண்டை போட்டாங்க, அழுதாங்க, அடுத்த மாசம் வேற ஒருத்தனோட சிரிச்சாங்க. ஏதோ ஒரு நாள் வகுப்புல இதைச் சொல்லிக் குடுத்திருக்காங்க, அன்னிக்குன்னு பாத்து நான் லீவு போட்டுட்டேன் போல. இத்தனை வயசுக்கப்புறம் யார்கிட்டப் போய் நோட்ஸ் கேக்கறது?

அப்பா: தனியா இருக்கறது கஷ்டமா இருந்துச்சாம்மா?

மகள்: தனியா இருக்கறது ஒண்ணும் கஷ்டமில்லை. வேலை இருக்கு, நீங்க இருக்கீங்க. சினிமாவுக்குப் போய் ஒரு டிக்கெட் கேட்டா, 'ஒண்ணுதானா?'ன்னு கேப்பாங்க. அந்தத் 'தானா' இருக்கே... அதுதான்ப்பா.

அப்பா: என்னைக் கூப்பிட்டிருக்கலாமே.

மகள்: நீங்க இடைவேளைக்குள்ள தூங்கிடுவீங்க.

அப்பா: அது வாஸ்தவம்தான்.

மகள்: சில நாள் தோணும், என்கிட்டயே ஏதோ ஒண்ணு குறையுதோன்னு. மத்தவங்களுக்கு எல்லாம் தெரியற ஏதோ ஒண்ணு எனக்கு மட்டும்... சரி விடுங்க. இதெல்லாம் முன்னாடி.

அப்பா: இப்போ?

மகள்: இப்போதான் அவர் இருக்காரே.

அப்பா: ...ஆமா. இருக்காரே.

மகள்: டீக்கடை இதுதானே? எதிர்ப்பக்கம், கண்ணாடிக் கதவு?

அப்பா: அதுதான். இரு, இந்தத் தூண் கிட்ட கொஞ்சம் நில்லு.

மகள்: இங்கே எதுக்கு?

அப்பா: இங்கே நின்னா உள்ளே தெரியும். அங்கேருந்து பாத்தா நம்மளைத் தெரியாது.

மகள்: துப்பறியற ஆளு தோத்தான் போங்க! ஜன்னல் ஓரத்துல பச்சை சால்வை போட்டிருக்காங்களே, அவங்களா?

அப்பா: அவங்கதான்.

மகள்: அழகா இருக்காங்கப்பா.

அப்பா: இருக்காங்க இல்லை?

மகள்: என்னைக் கேக்கறீங்க? ரெண்டு வாரமா எதிர்ல உக்காந்து பாத்தது நீங்களா நானா?

அப்பா: அது சரி... ஏம்மா, வானம் ஒரு மாதிரியா இல்லை? மழை வர்ற மாதிரி இருக்கு. திரும்பிப் போயிடலாமா? அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

மகள்: வானம் பளிச்சுனு இருக்கு. எதிர்ல நாற்காலியைக் காலியா வச்சுட்டு உக்காந்திருக்காங்க, பாவம். போங்கப்பா. மூணாவது தடவைக்கு இவ்வளவு தயக்கமா?

அப்பா: மூணாவது இல்லைம்மா.

மகள்: அப்போ?

அப்பா: முதல் தடவை.

மகள்: ...என்னது?

அப்பா: ரெண்டு வாரமும் இந்தத் தூண் வரைக்கும் வந்தேன். ரெண்டு வாரமும் இங்கேருந்தே போன் போட்டேன், அவசரமா ஒரு லிப்ட் நின்னு போச்சு, கூப்பிட்டுட்டாங்கன்னு. அவங்க 'பரவாயில்லை, வேலையைப் பாருங்க'ன்னாங்க. அப்புறம் பூங்காவுல உக்காந்துட்டு, நேரம் பாத்து வீட்டுக்கு வந்தேன்.

மகள்: அப்போ கேக்கைப் பாதி வெட்டி வச்சது?

அப்பா: அது பக்கத்து மேஜையில நடந்துச்சு. கண்ணாடி வழியா பாத்தேன்.

மகள்: அப்பா! நல்லாப் போச்சு, நல்லாப் போச்சுன்னு என் முகத்தைப் பாத்து... வாய் கூசாம எப்படிச் சொன்னீங்க?

அப்பா: நீயும் உன் கண்ணாடிக்காரரோட நல்லாப் போகுதுன்னுதானேம்மா சொன்னே.

மகள்: ...நான் சொன்னது வேற.

அப்பா: போன வாரம் சாயங்காலம், விளக்கு வைக்கற நேரம். நீ மொட்டை மாடியில நின்னு அவரோட போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டிருந்தே.

மகள்: ஆமா. அதுக்கென்ன?

அப்பா: உன் போன் சமையலறையில சார்ஜ்ல கிடந்துச்சும்மா. கையில என்ன வச்சிருந்தே?

மகள்: ...மூக்குக் கண்ணாடி வைக்கற கூடு.

அப்பா: நானும் அப்படித்தான் நினைச்சேன்.

மகள்: நீங்க போகணுமேன்னுதான்ப்பா. நான் தனியா இருக்கறதைச் சாக்கா வச்சு நீங்க உக்காந்துட்டே இருந்தா... என்னால உங்களுக்கும் நாற்காலி காலியாவே கிடக்கணுமா? வேற எப்படிச் சொன்னாலும் கேக்கமாட்டீங்க.

அப்பா: அழாதே. தெருவுல பாக்கறாங்க.

மகள்: அழலை. தெரிஞ்சப்புறமும் ஏன் இன்னிக்குக் கிளம்பினீங்க? தெரிஞ்சா போகவே மாட்டீங்கன்னுதானே பயந்தேன்.

அப்பா: முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் நீ அந்த மாடியில சிரிச்ச சிரிப்பு மனசை விட்டுப் போகலை. யாருமே இல்லாம, எனக்குக் கேக்கணும்னு சத்தமா. நான் வீட்டுல உக்காந்திருக்கற வரைக்கும் இந்தப் பிள்ளை தினமும் மாடி ஏறி அந்தக் கூட்டோடதான் பேசிட்டிருக்கும்னு தோணுச்சு. எனக்குப் பயம்தான்ம்மா. ஆனா அதைவிட இது பெரிய பயமா இருந்துச்சு.

மகள்: ரெண்டு பேரும் நல்லா வாழ்ந்தோம் போங்க, ஒரே வீட்டுல.

அப்பா: உன்கிட்ட ஒண்ணும் குறையலை. கேட்டுக்கோ. அப்பாங்கறதால சொல்லலை. இல்லை, அப்பாங்கறதாலதான் சொல்றேன். நான்தான் உன்னை நல்லாப் பாத்தவன்.

மகள்: ...சட்டைக் காலரைச் சரி பண்ணுங்க. அவங்க இந்தப் பக்கம் பாக்கறாங்க.

அப்பா: தெரிஞ்சுடுச்சா?

மகள்: கை காட்டறாங்கப்பா. சிரிக்கறாங்க. இந்தத் தூண் உங்களை மறைக்கிற அளவுக்கு நீங்க ஒல்லி இல்லை.

அப்பா: அப்போ போன ரெண்டு வாரமும்?

மகள்: பாத்திருப்பாங்க. பாத்துட்டுத்தான் இன்னிக்கும் வந்திருக்காங்க. போங்க.

அப்பா: உள்ளே போய் என்ன சொல்லட்டும்?

மகள்: லிப்ட் சரியாயிடுச்சுன்னு சொல்லுங்க.

அப்பா: போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தக் கண்ணாடிக்காரர் நிஜமாவே ஒருத்தர் உண்டா, இல்லை அவரும் கூடு மாதிரிதானா?

மகள்: உண்டுப்பா. மங்கலா தெரியுதுன்னு வந்ததெல்லாம் நிஜம். இப்போதான் வர்றதில்லை.

அப்பா: அப்புறம் ஏன் வர்றதை நிறுத்திட்டார்?

மகள்: கடைசியா வந்தன்னிக்கு, 'இங்கே பக்கத்துல ரெண்டு பேர் உக்காந்து டீ குடிக்கற மாதிரி நல்ல இடம் இருக்கா?'ன்னு கேட்டார்ப்பா... நான் வாசல் வரைக்கும் கூட வந்து, கையை நீட்டி, நேராப் போய் இடது பக்கம் திரும்புங்கன்னு தெளிவா வழி சொல்லி அனுப்பிட்டேன்.