பின்சீட்டு விருந்தாளிகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை வைத்திருக்கிறேன். கட்டாவிக் காட்டில் மழை இறங்கிவிட்ட சமயம். சிங்கம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சுற்றும் லுசாஜோ தன் வண்டியில். ஆற்றுக்கு அக்கரையில், வேறொரு முகாமில், வண்டிகளோடு பேசும் ரேடியோவின் முன்னால் கபூலா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

கபூலா: ...மறுபடியும் நீர்யானைக் குட்டையா? அந்தச் சேத்துல என்னத்தக் காட்டறே விருந்தாளிங்களுக்கு?

லுசாஜோ: பிடிச்சிருக்காம் அக்கா. அந்தம்மா படமா எடுத்துத் தள்ளுது.

கபூலா: புருஷன்?

லுசாஜோ: தூங்கறார்.

கபூலா: நேத்தும் தூங்கினாரே.

லுசாஜோ: வயசானவர்... அங்க என்ன சத்தம்?

கபூலா: சமையக்காரங்க. உகாலிக் களி கிண்டறப்போ வாய் சும்மா இருக்குமா?

லுசாஜோ: தகரத்துல மழை விழற மாதிரி இருக்கு.

கபூலா: அதுவும்தான்.

லுசாஜோ: ரேடியோவை அணைச்சிட மாட்டீங்களே?

கபூலா: விருந்தாளி ஏறின வண்டி ஒண்ணு வெளிய இருந்தாலும் அணைக்கக் கூடாது. தெரியாதவன் மாதிரி கேக்கறே.

லுசாஜோ: சும்மாதான்... இருங்க, இருங்க. தூரத்துல, புளியமரத்தடியில சிங்கம்.

கபூலா: என்ன சொன்னே?

லுசாஜோ: சிங்கம் அக்கா. நனைஞ்சுக்கிட்டுக் கிடக்குது.

கபூலா: லுசாஜோ... நம்ம பாஷையில அந்த ஒரு சொல்லு மட்டும் எல்லா வெள்ளைக்காரனுக்கும் தெரியும். கிட்டப் போறதுக்குள்ள அது எழுந்து போயிட்டா அவங்க மூஞ்சி தொங்கிடும்னுதானே ரேடியோவுல ‘மீசைக்காரர்’னு சொல்றோம்?

லுசாஜோ: வாய் தவறிடுச்சு.

கபூலா: நேத்தும் தவறிச்சு. முந்தாநாளும். பின்சீட்டுல யாருப்பா இருக்கா?

லுசாஜோ: யாரும் இல்ல. மழைக்காலம்னு எங்க முகாமைப் பூட்டிட்டு, என்னைக் காவலுக்கு விட்டுட்டுப் போயிட்டாங்க. வண்டியிலதான் ரேடியோ இருக்கு. விருந்தாளி இல்லேன்னா நீங்க அணைச்சிடுவீங்களேன்னு... கோவமா அக்கா? சமையக்காரங்ககிட்ட சொல்லிடாதீங்க. சிரிப்பாங்க.

கபூலா: எந்தச் சமையக்காரங்க? இங்க மழைச் சத்தம் மட்டும்தான். எல்லாரையும் ஏத்திக்கிட்டு லாரி நேத்தே போயிடுச்சு. இப்போ ஆறும் ஏறிடுச்சு.

லுசாஜோ: நீங்க ஏன் போகல?

கபூலா: விருந்தாளிங்களோட ஒரு வண்டி இன்னும் வெளிய இருக்குன்னு லாரிக்காரன்கிட்ட சொல்லிட்டேன். நீ சொல்றது பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். ஊருக்குப் போனா மட்டும் எனக்குக் கதவு திறக்க யார் இருக்கா... நாளைக்கும் அவங்களை ஏத்திக்கிட்டு வா. அந்தப் பெரியவரைக் கொஞ்சம் எழுப்பி விடு.

உங்கள் வீட்டில் ஒரு குரல் கூப்பிட்டால், மறு குரல் என்றும் ‘இதோ’ என்று சொல்லட்டும், கண்ணுகளா.