பூசை போட்ட அம்பு

முதன்முதலாகக் காம்பவுண்ட் வில் வாங்க வருகிறவர்கள் கண்ணுக்கு அழகானதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். நிறத்தைப் பார்ப்பார்கள். அம்பு போகும் வேகத்தைக் கடைக்காரர் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். வில் அப்படி வாங்குகிற பொருள் இல்லை. அது செருப்பு மாதிரி. அளவு தப்பினால் எப்பேர்ப்பட்ட கடையில் வாங்கினாலும் கடிக்கத்தான் செய்யும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் சார், ஆல்வினுக்கு வில் தேர்ந்தெடுத்ததில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் வேலையில் இதுவரை யாரும் பழுது சொன்னதில்லை.

நான் சேதுபதி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையை ஒட்டி எங்கள் மாந்தோப்பு இருக்கிறது. அதில் ஓரத்து மரங்களை எடுத்துவிட்டு வில் பயிற்சி மைதானம் போட்டிருக்கிறேன். என் ஒரே மகள் பாண்டிச்செல்வி அங்கே பழகித்தான் மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கினாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ராஜபாளையத்தில் ஒரு வங்கியில் வேலையும் கிடைத்தது. ஆல்வின் மம்சாபுரத்துக்காரன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறான். மகள் பல்வலி என்று போன இடத்தில் பழக்கமாகி, கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றாள்.

நான் சத்தம் போடவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பேப்பரில் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். பெற்ற பிள்ளை மேல் கை வைக்கிறவன் மனுஷனே இல்லை. என் மகளை நான் இந்த வயதுவரை ஒரு அடி அடித்ததில்லை.

சாதி பார்த்தேனா என்று நேற்று உங்கள் எஸ்.ஐ. கேட்டார். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பட்டாளத்தில் எல்லாரோடும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்று சாப்பிட்டவன் நான். அங்கே வேறு வழியும் இல்லை. லீவில் வரும்போதெல்லாம் நேரே ராமேஸ்வரம் போய்க் கடலில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். அது பக்தி. அதைப் போய்ச் சாதி என்று சொல்ல முடியாது.

எனக்கு இருப்பது சுத்தம். அவ்வளவுதான். நீங்களே யோசித்துப் பாருங்கள், பல் டாக்டர் என்றால் நாள் முழுக்க அடுத்தவர் எச்சிலில் விரலை விட்டுக் கிளறுகிறவன். சொத்தை, சீழ், நாற்றம், எல்லாம் அந்தக் கையில்தான். உறை போட்டுக்கொள்கிறான் என்றார்கள். உறைக்குள் இருப்பது அதே கைதானே.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மகள் வந்து சொல்வதற்கு முன்பே அவரிடம் நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். அப்போது டாக்டர் என்றுதான் கூப்பிட்டேன். கடைவாயில் ஒரு பல்லைச் சுத்தம் செய்து மேலே தொப்பி போட்டுவிட்டார். பூப்போல வேலை செய்தார், ஊசி ஏறியதே தெரியவில்லை. எங்கள் தெருவில் நாலு பேருக்கு நானே அந்த ஆஸ்பத்திரியைச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு மகள் வந்து சொன்னாள். என் மனைவியின் தம்பி வேலுசாமி மம்சாபுரம் போய் விசாரித்துவிட்டு வந்தான். வாசலில் நின்றபடியே என்னிடம், "அத்தான், படிப்பு, தொழிலு எல்லாம் சரிதான். ஆனா நம்ம வீட்டுப் படி ஏறுத ஆளுக இல்ல அவிய" என்றான். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. நாக்கு அந்தத் தொப்பிப் பல்லிலேயே போய்ப் போய் முட்டியது. மறுநாள் ராஜபாளையத்தில் வேறொரு பல் டாக்டரிடம் போய் அதைப் பிடுங்கச் சொன்னேன். பல் நன்றாக இருக்கிறதே, எதற்கு என்று அந்தம்மா கேட்டார். வலிக்கிறது என்றேன். வலி ஒன்றும் இல்லை. பிடுங்கிய இடத்தில் ரத்தம் வந்தபோதுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது.

மகளைக் கூப்பிட்டு, ஆல்வின் தம்பி தோப்புக்கு வரட்டும், வில் பழகட்டும், பழகினால்தான் மனுஷனைத் தெரியும் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அவனைத் தொட்ட கை என்று தெரிந்தும் நான் உதறவில்லை. அந்த அளவுக்கு எனக்கு மகள் மேல் பாசம்.

அவன் வந்தான். நல்ல சட்டை, நல்ல பேச்சு, செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் மைதானத்துக்குள் வந்தான். முதல் வாரம் என்னை சார் என்றான், அடுத்த வாரம் மாமா என்றான். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் சாப்பாட்டில் முடி கிடந்த மாதிரி இருக்கும். சிரித்துக்கொள்வேன்.

முதல் வில்லுக்கு முக்கியம் இழுப்பு நீளம், அதாவது நாணை எவ்வளவு தூரம் பின்னால் இழுக்க வேண்டும் என்பது. இரண்டு கையையும் விரித்து நிற்க வைத்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும். எல்லாரையும் டேப் பிடித்துத்தான் அளப்பேன். அவனை மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி, விரல் நுனிக்கு நேரே சாக்பீஸால் கோடு போட்டேன். அவன் நகர்ந்த பிறகு சுவரை அளந்துகொண்டேன். மறுநாள் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தேன். ரொம்ப நாளாக அடிக்க வேண்டியிருந்தது.

அடுத்தது கனம், நாணை இழுக்கத் தேவையான பலம். புதிதாக வருகிற ஆம்பிளைகள் எல்லாரும் அதிகக் கனம்தான் கேட்பார்கள், வீம்பு. அவன் அப்படிக் கேட்கவில்லை. "நீங்க சொல்லுததுதான் மாமா" என்றான். காம்பவுண்ட் வில்லில் இரண்டு முனையிலும் கப்பி இருக்கும். இழுக்கும்போது முதலில் கனக்கும், கப்பி திரும்பியதும் கனம் சட்டென்று குறைந்துவிடும். நிதானமாகக் குறி பார்க்கலாம். நான் அவனுக்கு லேசானதாகத்தான் எடுத்தேன், பிறகு கூட்டிக்கொள்ளக்கூடிய வில். கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து, நாணில் பார்வை வளையம் கட்டி, அவன் கண்ணுக்கு நேராக வரும்வரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். என் மகளுக்குக்கூட அவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை. முழங்கை தாழ்ந்தால் ஒரு மாங்குச்சியால் தூக்கிவிடுவேன். தண்ணீர் கேட்டால் பேப்பர் கப்பில் கொடுப்பேன். கொரோனாவுக்குப் பிறகு எல்லாருமே அப்படித்தானே.

ஆயுத பூசை வந்தது. எங்கள் தோப்பில் அதற்கு முறை இருக்கிறது. எல்லா வில்லையும் அம்பையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்துவிடுவோம். அன்றைக்கு யாரும் எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியில் பூசை போட்ட அம்பைப் புது ஆள்தான் முதலில் விடுவான். அந்த அம்பில் இருக்கிற சந்தனத்தைத் துடைக்கக்கூடாது, அப்படியே விட வேண்டும். அவன் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் விஜயதசமியன்று குளித்து, வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு வந்திருந்தான். என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

கார்பன் அம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இலக்கில் குத்தி நிற்கும் அம்பின் மேல் அடுத்த அம்பு போய் விழுந்தால் உள்ளே மயிரிழை விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் விடுவதற்கு முன் இரண்டு முனையையும் பிடித்துக் காதுக்குப் பக்கத்தில் லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். மொறுமொறு என்று கேட்டால் உடைத்துப் போட்டுவிட வேண்டும். விரிசல் விட்ட அம்பை நாணில் வைத்து விட்டால் அது இலக்குக்குப் போகாது, வில் பிடித்த கைக்குள் போகும். என் மைதானத்தில் இதைச் சொல்லிக் கொடுக்காமல் யார் கையிலும் அம்பு தரமாட்டேன். அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

பாண்டிச்செல்வி பழகும் காலத்தில் அவளுடைய அம்பே அவளுடைய அம்பின் மேல் விழுந்தது. அவ்வளவு துல்லியம். பெருமைக்காக அந்த அடிபட்ட அம்பை எடுத்து வைத்திருந்தேன். ஆயுத பூசையன்று காலையில் அதை எடுத்து வளைத்துக் கேட்டேன். மொறுமொறுத்தது. அடிபட்ட இடத்தில் சந்தனத்தைக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து வைத்தேன், நடுவில் குங்குமம். மற்ற அம்புகளுக்கும் அதே மாதிரி வைத்தேன். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

விஜயதசமி காலையில் அவன் அந்த அம்பை வாங்கி, பழகிய பழக்கத்தில் இரண்டு கையாலும் வளைக்கப் போனான்.

"பூசை போட்ட அம்பு. சந்தனம் கலையும்" என்றேன்.

அவன் உடனே கையை எடுத்துவிட்டான். வேறு வீட்டுப் பையனாக இருந்தால், அட இருக்கட்டும் என்று வளைத்துப் பார்த்திருப்பான். இவன் எங்கள் முறையை மீறிவிட்டோமோ என்று பயந்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தான். மகள் பின்னால் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க வளைச்சுப் பாத்தீகளா?"

"பாத்துட்டேன்" என்றேன். அது பொய் இல்லை.

நன்றாகத்தான் இழுத்தான். முழங்கை சரி, தோள் சரி, மூச்சு சரி. நான் அமைத்த வில்லில் ஒரு பிசகும் இல்லை. அம்பு பாதியில் பிளந்து, கட்டைவிரல் அடியில் புகுந்து மணிக்கட்டில் வெளியே வந்தது. அவன் கத்தக்கூட இல்லை. மகள்தான் ஓடிப்போய்த் துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்தாள். அவள் முகம், கழுத்து, எல்லாம் அவன் ரத்தம். எனக்கு வாந்தி வந்துவிட்டது. மரத்தடியில் போய் எடுத்தேன்.

காரைக் கொண்டு வாங்கப்பா, காரைக் கொண்டு வாங்கப்பா என்று அவள் கதறினாள். கார் பக்கத்தில்தான் நின்றது. சீட்டுக்கு அப்போதுதான் புது உறை போட்டிருந்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அது வரும்வரை சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது. மதுரையில் பார்த்த டாக்டர், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நரம்பைக் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம். இப்போது அவனுக்கு இடது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரக்கட்டை. பல் வைத்தியத்தில் அந்தக் கையில்தான் கண்ணாடி பிடிக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியை மூடிவிட்டான்.

இதோடு விட்டுப் போகும் என்றுதான் நினைத்தேன். கை போனவனை எவள் கட்டுவாள்? நாலு நாள் அழுவாள், பிறகு தெளிந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அங்கேதான் தப்பு செய்துவிட்டேன். என் மகளை எனக்கே சரியாகத் தெரியவில்லை.

உங்கள் ஆட்கள் மதுரை ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது அவன் என்ன சொன்னான் என்பது உங்களிடமே இருக்கும். விபத்து என்றான். மாமா மேல் தப்பில்லை, நான்தான் வளைத்துப் பார்க்க மறந்துவிட்டேன் என்றான். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு முந்தாநாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். மகள் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த மாதம் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம், அதற்குப் பிறகு மாடியிலேயே இருக்கப் போகிறோம், அவருக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்றாள். என் மனைவி முத்துப்பேச்சி ஒரு மறுப்பும் சொல்லவில்லை. அழுதுகொண்டே இலை போட்டாள்.

அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "மாமா, மனசப் போட்டு ஒழப்பாதீக. எனக்கு ஒங்க மேல வருத்தமே கெடையாது" என்று சொல்லி, அந்தக் கட்டுப் போட்ட கையை என் தொடை மேல் வைத்தான். அத்தைக்கு எதற்கு அலைச்சல் என்று வலது கையால் அவனே சோற்றுப் பானைக்குள் கரண்டியை விட்டு எடுத்துப் போட்டுக்கொண்டான். அந்தப் பானையில்தான் எனக்கும் சோறு இருந்தது.

எழுந்துவிட்டேன். குளித்தேன். இரண்டாவது தடவையும் குளித்தேன். பிறகு நேற்றுக் காலையில் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று உங்கள் ஏட்டு நினைத்துக்கொண்டு, என் தோளில் தட்டிக் கொடுத்தார். அப்படி எழுதிவிடாதீர்கள். விபத்து என்று இருக்கும்வரை அவன் என் மாப்பிள்ளை. வேண்டுமென்றே செய்தேன் என்று தெரிந்தால் மகள் என் முகத்தில் முழிக்க மாட்டாள், அவனைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடுவாள். என் மாடிப்படியில் அவன் கால் படாது. அதற்கு எத்தனை வருஷம் உள்ளே இருந்தாலும் எனக்குச் சம்மதம். விரிசல் அம்பைத் தெரிந்தே வைத்தது நான். சந்தனம் வைத்து மறைத்ததும் நான். வளைக்க விடாமல் தடுத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

டீ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், பார்த்தேன். நேற்றிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை, தொண்டை காய்ந்து கிடக்கிறது. குடிக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். இதைப் போட்டவருக்குச் சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு?