பேஸுக்குக் கொஞ்சம் இடம் கேட்டேன்

இந்த ஸ்டேஷன் மின்விசிறி நன்றாக இரைகிறது, ஐயா. என் பேஸ் கிதாரின் தடித்த கம்பி பேசும் அதே சுரம். எண்ணெய் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

பெயர் கலியாணசுந்தரம். வயது அறுபத்தேழு. சின்ன காஞ்சிபுரம். பட்டுச் சங்கத்தில் முப்பத்தோரு வருஷம் புடவைகளைத் தடவிப் பார்த்துத் தரம் சொன்னவன். ஓய்வு பெற்ற மறுநாளே பேஸ் கிதார் வாங்கினேன். வீட்டில் வாசித்தால் மூன்று தெரு தள்ளிப் பல் செட் கழன்று விழுகிறது என்று கேள்வி. மேடையில் வாசித்தால் மட்டும் கொசுவுக்கும் கேட்காது.

காரணம் ஜோசுவா. எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு சவுண்டு பார்க்கும் முசரவாக்கத்துப் பிள்ளை. "இன்னா சார், பேஸ ஏத்தினா பந்தியில ரசம் தளும்புதுன்றாங்க" என்பான்.

போன மாதம் கீபோர்டு காசிநாதன் வந்தான். "சார், அடுத்த கச்சேரிலேர்ந்து பேஸையும் நானே இடது கையால வாசிச்சிடறேன். நீங்க ஜாலியா முன்னாடி குந்திக்கினு கேளுங்க" என்றான். ஆக, செவிலிமேட்டில் முனிரத்தினம் மகள் ரிசப்ஷன்தான் எனக்குக் கடைசி மேடை. என் மனைவி கமலாட்சியை முதல் வரிசையில் உட்கார வைத்தேன். ஏழு வருஷமாக அவள் ஒரே விமர்சனம்தான் சொல்லி வந்தாள்: "நீங்க கம்பிய சொறிஞ்சிக்கினு நிக்கறது தெரியுது. சத்தம்தான் வரல."

ஜோசுவாவிடமே வழி கேட்டேன். "பேஸ ஏத்தக்கூடாது சார். மத்ததக் கொறச்சி அதுக்கு எடம் விடணும்" என்றான். நியாயமான பேச்சு. புடவையில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலை எவன் பார்க்கிறான்? குறுக்கே போகும் ஊடையும் ஜரிகையும்தான் கண்ணில் படும். ஊடையை உருவிவிட்டால் பாவு தெரிந்துதானே ஆக வேண்டும்?

ஆகவே இடம் விட்டேன். காசிநாதனின் கீபோர்டுக்குள் அரைச் சொம்பு பாதாம் பால். டிரம்ஸ் சத்யராஜ் கழிவறைக்குப் போனதும் வெளியே தாழ்ப்பாள். பாடகி லில்லிக்கு மட்டும் மரியாதையாக, பச்சை மிளகாய் விழுது கலந்த மோர். கண்ணில் நீர் வழிய என்னைப் பார்த்தாள். என் வாசிப்பில் உருகிவிட்டாள் என்றே நினைத்தேன்.

அப்போதும் கேட்கவில்லை. ஏழு மணிக்கே கரன்ட் போய், மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே எண்ணூறு பேர், அத்தனை பேர் மேலும் பட்டு. துணி சத்தத்தைக் குடிக்கும், ஐயா. துணியோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். அந்தத் துணிகளும் விலக வேண்டியிருந்தது. மைக்கில், "சமையல் கூடத்துல கேஸ் கசியுது" என்று மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை சொல்லவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்கு ஐந்து கதவு. நாலைச் சாயங்காலமே பூட்டியிருந்தேன். திறந்து கிடந்தால் பேஸ் வெளியே ஓடிவிடும்.

இருபத்திரண்டு பேர் ஆஸ்பத்திரியில் என்கிறீர்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு காலும் என்கிறீர்கள். இருக்கலாம். மணப்பெண்ணின் புடவை கதவில் மாட்டிக் கிழிந்ததுதான் என் மனதை அறுக்கிறது. கரையைத் தனியாக நெய்து உடலோடு கோத்த அசல் கோர்வை, ஒரு நூல் பிசகில்லை.

கூட்டம் வடிந்தது. வாசித்தேன். வந்தது, ஐயா. தரை அதிர, விலா எலும்பு ஒவ்வொன்றும் சிலிர்க்க, ஏழு வருஷம் நான் தேடிய அதே நாதம். கமலாட்சி மட்டும் முட்டி வலியால் ஓட முடியாமல் நாற்காலியிலேயே இருந்தாள். நெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து, பேச்சில்லாமல். முதல் முறையாக என் வாசிப்பு அவள் நெஞ்சைத் தொட்டது. டாக்டர் அதற்கு வேறு ஏதோ பெயர் சொல்கிறார்.

ஜோசுவா உங்களிடம் உளறியதையும் படித்துக் காட்டினீர்கள். "நான் ஓடறதுக்கு முன்னாடியே சவுண்டு மெயின புடுங்கிட்டேன் சார். ஸ்பீக்கரு செத்துப்போச்சி. அவரு கேட்டது ஜெனரேட்டரு சத்தம்" என்றானாம்.

பொறாமை. நான் கம்பியிலிருந்து விரலை எடுத்த பிறகும் அந்த நாதம் கால் மணி நேரம் குறையாமல் நின்றது. அப்படி நின்றால்தான், ஐயா, அது நல்ல டோன்.